இரண்டு ஊசிகளும் ஓர் உல்லன் உருண்டையும்

முன்னுரை

"ஓய்வு நேரத்தில் என்ன செய்கிறீர்கள்?" என்று எங்களைக் கேட்டால், பாதிப் பேர் "ஒன்றுமில்லை" என்போம். மீதிப் பேர் "கைப்பேசி பார்ப்போம்" என்போம். விடுதியில் தங்கிப் படிக்கும் எங்களுக்கு அந்த இரண்டாவது வழியும் கிடையாது! ஆகையால் இரவு உணவிற்கும் இரவுப் படிப்பிற்கும் நடுவே கிடைக்கும் அரை மணி நேரம், வீண் பேச்சிலும் சின்னச் சின்னச் சண்டைகளிலும் கழிந்து வந்தது. இந்த ஆண்டு அந்த அரை மணி நேரம் எங்களுக்கு இனிய நேரமாக மாறியது. அதற்குக் காரணம் இரண்டு ஊசிகளும் ஓர் உல்லன் உருண்டையுமே. பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் அறுவர், பின்னல் வேலையில் கற்றதையும், பட்ட பாட்டையும், பெற்ற இன்பத்தையும் தங்கைகளுக்கும் பெற்றோர்களுக்கும் எடுத்துச் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

நெய்தலும் பின்னலும்

பின்னல் என்றவுடன் பலர் நெசவையும் அதையும் ஒன்றாக எண்ணிக் கொள்கின்றனர். நாங்களும் அப்படித்தான் எண்ணியிருந்தோம். தறியில் நெய்யும் துணியில் பாவு, ஊடை என இருவகை நூல்கள் உண்டு. பாவு நீளவாக்கில் நிற்க, ஊடை அதன் குறுக்கே ஓடுகிறது. பின்னலிலோ ஒரே நூல்தான்! அந்த ஒரு நூல் வளையம் வளையமாக வளைகிறது. ஒவ்வொரு வளையமும் தனக்குக் கீழே உள்ள வளையத்தின் வழியாகத் தலையை நீட்டி நிற்கிறது. இந்த வளையத்தைக் கண்ணி என்கிறோம். இழுத்தால் கண்ணிகள் நீண்டு கொடுக்கும். விட்டால் மீண்டும் சுருங்கும். அம்மாவின் கைத்தறிப் புடைவை இழுத்தால் நீள்வதில்லை, அண்ணனின் பனியன் மட்டும் நீள்கிறதே, ஏன் என்பது இப்பொழுது விளங்குகிறதல்லவா?

ஆம், பனியனும் பின்னல்தான். உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்றை எடுத்துப் பனியனின் வெளிப்புறத்தைப் பாருங்கள். நெற்கதிரில் மணிகள் இரண்டிரண்டாகச் சாய்ந்திருப்பது போல் கண்ணிகள் வரிசையாக நிற்கும். உட்புறத்தைத் திருப்பினால் சின்னச் சின்னப் பிறைகள் தெரியும். கதிர் போல் தெரிவதைப் பிளெயின் என்றும், பிறை போல் தெரிவதைப் பர்ல் என்றும் எங்கள் கைவேலை வகுப்பில் சொல்வோம். இவை இரண்டும் வேறு வேறு அல்ல. ஒரே கண்ணியின் முகமும் முதுகுமே! பின்னலாடைக்குப் பெயர் பெற்ற நம் திருப்பூரில், நூற்றுக்கணக்கான ஊசிகள் வட்டமாக நிற்கும் பொறிகள் இந்த வேலையை நொடிப்பொழுதில் செய்கின்றன. அதே வேலையை நாம் இரண்டு ஊசிகளால், ஒவ்வொரு கண்ணியாக, மெதுவாகச் செய்கிறோம். அவ்வளவுதான் வேறுபாடு.

பின்னலின் பழைமை

எகிப்து நாட்டில் கிடைத்த நீலமும் வெள்ளையும் கலந்த பருத்திக் காலுறைகள், இன்று நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய பின்னல்களைச் சேர்ந்தவை. வெப்ப நாட்டில், பருத்தி நூலில் பின்னியவை அவை! பின்னல் என்றாலே குளிரும் கம்பளியும் என்று நினைப்பது சரியன்று என்பதற்கு இது ஒன்றே போதும்.

ஸ்பெயின் நாட்டில் பர்கோஸ் நகருக்கு அருகில் லாஸ் வெல்காஸ் என்னும் கன்னியர் மடம் உள்ளது. 1275-ஆம் ஆண்டில் இறந்த இளவரசர் பெர்னாண்டோ தெ லா செர்தாவின் கல்லறை அங்கே இருக்கிறது. அதனுள் பட்டு நூலால் பின்னிய தலையணை ஒன்று கிடைத்தது. ஓர் அங்குலத்தில் ஏறத்தாழ 20 கண்ணிகள்! எங்கள் பின்னலில் ஓர் அங்குலத்திற்கு ஐந்தரைக் கண்ணிகள்தாம் என்றால், அந்தக் கைகளின் திறமையை என்னென்பது!

ஜெர்மனியில் ஏறத்தாழ 1400-ஆம் ஆண்டளவில் ஓவியர் பெர்ட்ராம் வரைந்த பீடப்படம் ஒன்று எங்களுக்கு மிகவும் பிடித்தது. அதில் அன்னை மரியாள் அமர்ந்து சட்டை பின்னிக் கொண்டிருக்கிறார். இரண்டு ஊசிகளால் அல்ல, பல ஊசிகளைக் கொண்டு, தையலே இல்லாமல் வட்டமாகப் பின்னுகிறார். கழுத்துப் பகுதியில் வேலை முடியும் தறுவாயில் இருக்கிறது. அருகில் குழந்தை இயேசு புத்தகத்துடன் இருக்கிறார். இயேசுவின் அங்கி தையல் இல்லாதது என்று யோவான் நற்செய்தியில் படிக்கிறோம். அதை நினைத்தே ஓவியர் இவ்வாறு வரைந்திருக்க வேண்டும். எங்களைக் கவர்ந்தது வேறொன்று. அறுநூறு ஆண்டுகளுக்கு முன்னரே, அன்பான ஒரு தாயைக் காட்ட விரும்பிய ஓவியர் அவர் கையில் ஊசிகளைத்தான் கொடுத்திருக்கிறார்!

1589-ஆம் ஆண்டில் இங்கிலாந்தைச் சேர்ந்த வில்லியம் லீ என்பவர் காலுறை பின்னும் பொறி ஒன்றை அமைத்தார். கையால் பின்னிப் பிழைக்கும் ஏழைகள் வேலை இழப்பரே என்று அஞ்சி, முதலாம் எலிசபெத் அரசி அதற்கு உரிமம் தர மறுத்தார் என்று சொல்வர். பொறி வந்த பின்னும் கைப்பின்னல் அழியவில்லை. பிழைப்பிற்காகப் பின்னியவர் குறைந்தனர். இன்பத்திற்காகவும் அன்பிற்காகவும் பின்னுவோர் நிலைத்தனர்.

கம்பளி சூடு தருமா?

ஸ்வெட்டர் உடலுக்குச் சூடு தருகிறது என்கிறோம். அறிவியல்படி அது சரியான பேச்சன்று. ஸ்வெட்டரிடம் ஏது சூடு? கண்ணிகளுக்கும் கம்பளி இழைகளுக்கும் இடையே காற்று சிறைப்பட்டு நிற்கிறது. அசையாமல் நிற்கும் காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. ஆகவே நம் உடலின் வெப்பம் வெளியேறாமல் நம்மிடமே தங்குகிறது. ஸ்வெட்டர் நமக்குத் தருவது நம்முடைய சூட்டைத்தான்! உறைபனி விழும் மார்கழிக் காலையில் நீலகிரி மலையில் வாழும் எங்களுக்கு இந்தப் பாடத்தை யாரும் தனியாக நடத்த வேண்டியதில்லை.

தேவையான பொருள்கள்

முதலில் தொடங்குவோருக்கு 8-ஆம் எண் ஊசிகள் இரண்டு போதும். இவை 4 மில்லிமீட்டர் கனம் உள்ளவை. நடுத்தரக் கனமுள்ள உல்லன் நூல் ஓர் உருண்டை, ஒரு கத்தரிக்கோல், முனை மழுங்கிய பெரிய தையல் ஊசி, கண்ணி நழுவினால் தூக்கிவிட ஒரு குரோஷா ஊசி ஆகியவையும் வேண்டும். வெளிர் நிற நூலில் கண்ணிகள் நன்றாகத் தெரியும்; கறுப்பு நூலில் தொடங்காதீர்கள். சமவெளியில் வாழும் தோழியர் தடித்த பருத்தி நூலில் பின்னலாம். உருண்டையை இறுக்கிச் சுற்றக்கூடாது. சுற்றினால் நூல் விறைத்து உயிரிழந்து போகும்.

புது நூல் வாங்கப் பணம் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். கையால் பின்னிய பழைய ஸ்வெட்டர் ஒன்று வீட்டில் கிடந்தால் அதைப் பிரித்துக் கொள்ளலாம். பிரித்த நூல் சுருள் சுருளாக இருக்கும். வெதுவெதுப்பான நீரில் நனைத்து, பிழியாமல் தொங்கவிட்டு உலர்த்தினால் நேராகிவிடும். எங்களுக்கு வேண்டிய நூலில் பெரும் பகுதி இவ்வாறு கிடைத்ததே.

செய்முறை

முதலில் கண்ணி ஏற்ற வேண்டும். நூலின் நுனியில் இழுமுடிச்சு ஒன்று போட்டு இடது ஊசியில் மாட்டுங்கள். இதுவே முதல் கண்ணி. அதனுள் வலது ஊசியை முன்னிருந்து பின்னாக நுழைத்து, அதன் முனையில் நூலைச் சுற்றி, சுற்றிய நூலை வளையமாக வெளியே இழுத்து, அந்த வளையத்தை இடது ஊசியிலேயே மாட்டுங்கள். இரண்டு கண்ணிகள் ஆயின. இவ்வாறே 33 கண்ணிகள் ஏற்றுங்கள்.

அடுத்துப் பிளெயின் பின்னுதல். இதில் நான்கே செயல்கள். நுழை, சுற்று, இழு, நழுவவிடு. வலது ஊசியை முதல் கண்ணியில் நுழைக்கிறோம்; நூலைச் சுற்றுகிறோம்; புது வளையத்தை இழுக்கிறோம்; பழைய கண்ணியை இடது ஊசியிலிருந்து நழுவவிடுகிறோம். இப்பொழுது புதுக் கண்ணி வலது ஊசியில் இருக்கும். 33 கண்ணிகளும் வலது ஊசிக்கு வந்துவிட்டால் ஒரு வரிசை முடிந்தது. ஊசிகளைக் கை மாற்றிப் பிடித்து மறுபடியும் தொடங்க வேண்டும். எல்லா வரிசைகளையும் பிளெயினாகவே பின்னினால், இருபுறமும் வரப்பு வரப்பாக மேடுகள் தோன்றும். இரண்டு வரிசைக்கு ஒரு வரப்பு. இதில் ஓர் அழகான கணக்கு உண்டு. எத்தனை கண்ணிகளோ அத்தனை வரப்புகள் வந்தால் பின்னல் சதுரமாகிவிடும்! அளவுகோலே வேண்டாம். 33 கண்ணிகள், 33 வரப்புகள், அதாவது 66 வரிசைகள். ஏறத்தாழ 6 அங்குலச் சதுரம்.

இறுதியில் கண்ணிகளை அடைக்க வேண்டும். இரண்டு கண்ணிகள் பின்னி, முதற்கண்ணியை இரண்டாவதன் மேலே தூக்கிப் போட்டு இறக்குங்கள். இன்னொன்று பின்னி, மறுபடியும் தூக்கிப் போடுங்கள். கடைசிக் கண்ணி ஒன்று மட்டும் எஞ்சும்பொழுது நூலை வெட்டி அதன் வழியே இழுத்துவிட்டால் வேலை முடிந்தது.

தொடங்குவோர் எல்லாருக்கும் நேரும் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். வரிசையின் தொடக்கத்தில் நூல் ஊசிக்கு மேலாகப் பின்னே போய்விட்டால், முதற்கண்ணி இரண்டு கால்களுடன் இரண்டு கண்ணிகள் போல் தோன்றும். இரண்டையும் பின்னிவிடுவோம். 33 கண்ணிகள் 34 ஆகும், 35 ஆகும். சதுரம் முறம் போல் விரியும்! ஆதலால் ஒவ்வொரு வரப்பு முடிந்ததும் கண்ணிகளை எண்ணுங்கள். வரிசையின் நடுவே வேலையை நிறுத்தாதீர்கள். இருபது நிமிடத்திற்கு ஒருமுறை மணிக்கட்டுக்கும் கண்களுக்கும் ஓய்வு கொடுங்கள்.

எங்கள் போர்வை

ஆகஸ்டு மாதம் எங்கள் ஊரிலுள்ள முதியோர் இல்லத்திற்குப் போயிருந்தோம். அங்கே கண்பார்வை மங்கிப் போன பாட்டி ஒருவர், "ராத்திரியிலே முழங்காலுக்குக் கீழே பனிக்கட்டி மாதிரி ஆகிவிடுகிறது, கண்ணு" என்றார். திரும்பும் வழியில் யாரும் அதிகம் பேசவில்லை. அவருக்கு ஒரு கால் போர்வை பின்னிக் கொடுப்போம் என்று அன்றிரவே முடிவு செய்தோம். முடிவு செய்தபொழுது எங்களுள் ஒருத்திக்கும் கண்ணி ஏற்றத் தெரியாது!

கைவேலைச் சகோதரி பொறுமையுடன் கற்றுத் தந்தார்கள். 6 அங்குலச் சதுரங்கள் 48; அகலத்தில் 6, நீளத்தில் 8. இணைத்தால் 3 அடி அகலமும் 4 அடி நீளமும் உள்ள போர்வை. ஆளுக்கு 8 சதுரங்கள், 528 வரிசைகள். நாளைக்கு 12 வரிசைகள் வீதம் 44 நாள்களில் முடியும். ஒரு சதுரத்தில் 2,178 கண்ணிகள்; 48 சதுரங்களில் 1,04,544 கண்ணிகள்! தாளில் போட்ட இந்தக் கணக்கைப் பார்த்து மலைத்துப் போனோம். "நீங்கள் இலட்சம் கண்ணி பின்னப் போவதில்லை. ஒவ்வொரு முறையும் ஒரு கண்ணிதான் பின்னப் போகிறீர்கள்" என்றார் சகோதரி. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பது எங்களுக்கு அப்பொழுதுதான் பழமொழியாக இல்லாமல் பாடமாகப் புரிந்தது.

காலாண்டு விடுமுறை முடிந்து வந்து வேலையைத் தொடங்கினோம். ஒருத்தியின் தாயார், "பொதுத்தேர்வு எழுதும் ஆண்டில் ஊசியும் நூலும் எதற்கு?" என்று விடுதிக்கு எழுதினார்கள். அவர்கள் கேட்டதில் தவறில்லை. இரவு உணவுக்குப் பின் இருபத்தைந்து நிமிடம், படிப்பு மணி அடித்தவுடன் ஊசிகள் பையினுள், மணி அடித்த பின் ஊசியைத் தொட்டால் மறுநாள் ஊசி கிடையாது என்று விடுதித் தலைவி விதி வகுத்தார்கள். நாங்கள் அந்த விதியை மீறவில்லை. மீற மனம் வந்தது என்பதையும் ஒப்புக் கொள்கிறோம்!

பிரித்தலும் பின்னலே

எங்களுள் ஒருத்தி காலாண்டுத் தேர்வில் கணக்கில் தேறவில்லை. கணக்குப் போடும்பொழுது விடை தவறினால் தாளைக் கிழித்துவிடுவாள். "எனக்கு வராது" என்று நோட்டை மூடிவிடுவாள். அவளுடைய மூன்றாவது சதுரம் முடியும் தறுவாயில், அது முறம் போல் விரிந்திருப்பதைக் கண்டோம். எண்ணிப் பார்த்தால் 37 கண்ணிகள்! "தைக்கும்பொழுது மடித்துத் தைத்துவிடலாம், விடு" என்றோம் நாங்கள். அவள் அழுதுவிடுவாள் என்று பயந்தே அப்படிச் சொன்னோம்.

அவள் அழவில்லை. சகோதரியிடம் எடுத்துச் சென்றாள். "முதல் தவறு எந்த வரிசையில் என்று கண்டுபிடி. அதுவரை பிரி. அதற்குக் கீழே உள்ளது உன்னுடையதுதான், அதைத் தொடாதே" என்றார் சகோதரி. அவள் ஒவ்வொரு வரப்பாக எண்ணிக் கொண்டே பிரித்தாள். பதினான்காம் வரப்பில் கண்ணிகள் சரியாக 33 இருந்தன. ஊசியை மாட்டி அங்கிருந்தே மறுபடியும் பின்னத் தொடங்கினாள். அறுந்து போனது ஒன்றுமில்லை. நூல் அத்தனையும் அவள் மடியில் அப்படியே இருந்தது.

சில நாள்களுக்குப் பின் இரவுப் படிப்பில் அவளைக் கவனித்தோம். இருபடிச் சமன்பாடு ஒன்று தவறாக வந்திருந்தது. தாளைக் கிழிக்கவில்லை. கீழிருந்து மேலாக ஒவ்வொரு வரியாகத் தொட்டுக் கொண்டே போனாள். மூன்றாம் வரியில் குறி மாறியிருந்தது. அதற்குக் கீழே கோடு போட்டு, அங்கிருந்து தொடர்ந்தாள். அரையாண்டுத் தேர்வில் அவள் கணக்கில் தேறினாள். பின்னல்தான் அவளைத் தேற வைத்தது என்று நாங்கள் சொல்லவில்லை. அவள் போட்ட கணக்குகளே தேற வைத்தன. ஆனால் தவறு நேர்ந்த இடம் வரை திரும்பிப் போகலாம், போனால் எல்லாம் அழிந்துவிடாது என்பதை அவள் விரல்கள் முதலில் அறிந்து கொண்டன.

பாட்டியின் விரல்கள்

டிசம்பரில் சதுரங்களை இணைத்து முடித்தோம். அப்பொழுதுதான் ஒரு மூலைச் சதுரத்தில், ஒரு வரிசை பிளெயினுக்குப் பதிலாகப் பர்ல் பின்னப்பட்டிருப்பது தெரிந்தது. அந்த இடத்தில் ஒரு வரப்பு இல்லாமல் வழவழவென்று இருந்தது. பிரிக்க நேரமில்லை, மனமும் இல்லை. "பாட்டிக்குத்தான் கண் தெரியாதே, யார் பார்க்கப் போகிறார்கள்?" என்று எங்களுள் ஒருத்தி சொன்னாள், மற்ற ஐவரும் பேசாமல் இருந்தோம்.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முன் போர்வையைக் கொண்டு போய்க் கொடுத்தோம். பாட்டி அதை மடியில் விரித்து, ஒரு சதுரத்தையும் விடாமல் விரல்களால் தடவிக் கொண்டே போனார். அந்த மூலைக்கு வந்ததும் விரல்கள் நின்றன.

"இங்கே ஒரு கோடு தவறியிருக்கிறதே, கண்ணு?"

எங்கள் முகங்கள் போன போக்கைப் பாட்டி பார்த்திருக்க முடியாது. "பிரித்துச் சரி செய்து கொண்டு வருகிறோம், பாட்டி" என்றோம்.

"வேண்டாம், வேண்டாம். நாலு மூலையும் ஒரே மாதிரி இருந்தால் எது மேல்பக்கம், எது கால்பக்கம் என்று எனக்கு எப்படித் தெரியும்? இதைத் தொட்டுப் பார்த்துக் கால்பக்கம் போட்டுக் கொள்கிறேன்" என்றார் அவர்.

எங்களுக்கு மகிழ்ச்சியாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. யாருக்கும் தெரியாது என்று நாங்கள் விட்டுவிட்ட தவற்றை முதலில் கண்டுபிடித்தவர், கண் தெரியாத அந்தப் பாட்டியே! அவர் அதையும் பயனுள்ளதாக்கிக் கொண்டார். அது அவருடைய பெருந்தன்மை. எங்களுடைய திறமை அன்று.

முடிவுரை

அன்புத் தங்கைகளே! பின்னலின் இன்பம் எது என்று கேட்டால், நாங்கள் மூன்றைச் சொல்வோம். நேற்று இல்லாத நான்கு விரற்கடை இன்று நம் கையிலிருந்து வளர்ந்திருப்பதைக் காண்பது ஒன்று. வாய் பேசக் கை வேலை செய்ய, தோழியருடன் ஒரே விளக்கடியில் அமர்ந்திருப்பது மற்றொன்று. எத்தனை முறை தவறினாலும் நூல் நம்மை விட்டுப் போவதில்லை என்னும் துணிவு மூன்றாவது.

பெற்றோர்களே! உங்கள் மகள் ஊசிகளைக் கையில் எடுத்தால் தடுக்காதீர்கள். படிப்பு மணி அடித்ததும் அவற்றைக் கீழே வைக்கிறாளா என்று மட்டும் பாருங்கள்.

பொதுத்தேர்வு முடிந்ததும் நாங்கள் அறுவரும் ஆளுக்கொரு திசையில் போய்விடுவோம். எங்கள் ஊசிகளை ஒன்பதாம் வகுப்புத் தங்கைகளிடம் கொடுத்துவிட்டுப் போகிறோம். மிச்சமுள்ள நூல் கைவேலை அறையின் அலமாரியில் கீழ்த்தட்டில் இருக்கிறது. அதே இல்லத்தில் வேறொரு பாட்டியும் முழங்கால் குளிர்கிறது என்றார். 33 கண்ணிகள் ஏற்றுங்கள். எண்ண மறக்காதீர்கள்!

பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு